விம் மோடு எழுதுறேன், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது, ஆனா யூஸ் பண்றவங்க கையில உடையுது. நீங்க எப்படி டெஸ்ட் பண்றீங்க?

வைகை_கோடர்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேர் சேந்து ஒரு ஓப்பன் சோர்ஸ் கோடு எடிட்டர் பண்ணிட்டு இருக்கோம், டைப்ஸ்கிரிப்ட்ல எழுதுனது, எலக்ட்ரான்ல ஓடுது. அதுக்கு விம் மோடு (விம்ங்குற எடிட்டர் மாதிரியே கீபோர்டு கமாண்டால எடிட் பண்ற வசதி) எழுதுற வேலைய நான் எடுத்துக்கிட்டேன், மூணு மாசமா ராத்திரி ராத்திரி உக்காந்து எழுதுறேன். நார்மல் (கீ எல்லாம் கமாண்டு), இன்சர்ட் (டைப் பண்றது), விஷுவல், விஷுவல் லைன் (ரெண்டும் செலக்ட் பண்றது) நாலு மோடும் ஓடுது, ஆபரேட்டர் (அழி, மாத்து மாதிரி வேலை), மோஷன் (எதுவரைக்கும்னு சொல்ற நகர்வு) எல்லாம் சேந்து ஒரு அறுபது கமாண்டு இருக்கும், முந்நூறு யூனிட் டெஸ்ட்டுக்கு மேல எழுதிருக்கேன், எல்லாம் பச்சை.

ஆனா பீட்டா குடுத்ததும் வர்ற புகார் எதுவுமே என் டெஸ்ட்ல மாட்டல. உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். 'எக்ஸ் = 10'னு ஒரு லைன், கர்சர் எக்ஸ் மேல இருக்கு, 'சிடபிள்யூ' (cw, வார்த்தைய மாத்துற கமாண்டு) அடிச்சா எக்ஸ் மட்டும் போகணும். என் எடிட்டர்ல எக்ஸும் போகுது, பக்கத்துல இருக்குற சமக்குறியும் போகுது. நான் எங்கயோ 'சிடபிள்யூ'ன்னா 'சிஇ' (ce, வார்த்தை முடிவு வரைக்கும் மாத்துறது) மாதிரின்னு படிச்சு அப்படியே அதுக்கு திருப்பி விட்டேன், டெஸ்ட்ல எல்லாம் ஹலோ வேர்ல்டுன்னு நீளமான வார்த்தையா வச்சிருந்தேன், அதனால எல்லாமே பாஸ்.

இன்னொண்ணு இன்னும் மோசம். ஒருத்தர் இன்சர்ட்ல மூணு எழுத்து அடிச்சு ஆட்டோ கம்ப்ளீட் லிஸ்ட்ல இருந்து ஒரு பேரை எடுத்துட்டு, எஸ்கேப் அடிச்சு, அடுத்த லைன்ல போய் புள்ளி (கடைசியா செஞ்ச மாத்தத்தை திரும்பச் செய்ற கமாண்டு) அடிச்சா அந்த மூணு எழுத்து மட்டும்தான் விழுது. அதே ஆளு 'யூ' அடிச்சா பாதி வார்த்தை மட்டும் அண்டூ ஆகுது, திரும்ப அடிச்சா மீதி. அவரு பதினஞ்சு வருஷமா விம் யூஸ் பண்றவரு, "இதை நம்பி என்னால கோடு எழுத முடியல"ன்னு எழுதிருந்தாரு, அதைப் படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. அவர் சொன்னது சரிதான், விரல் யோசிக்காம அடிக்குற விஷயம் இது, ஒரு தடவ தப்பா போனா அப்புறம் ஒவ்வொரு கீக்கும் பயம் வந்துரும்.

என் கேள்வி ரெண்டு. எது சரியான பதில்னு எனக்கே தெரியாத எடத்துல டெஸ்ட் எப்படி எழுதுறது? ரெண்டாவது, ஆட்டோ கம்ப்ளீட், அண்டூ இதெல்லாம் எடிட்டரோட வேலை, அது விம் மோடோட உரசுற எடத்தை எப்படி புடிக்குறது?

எஸ்கேப்_கீ:

ப்ரோ, முதல் கேள்விக்கு பதில் நீங்களே எழுதிட்டீங்க, கவனிக்கலன்னு நினைக்குறேன். எதிர்பாக்குற ரிசல்ட்டை நீங்களே மனசுல இருந்து எழுதுறீங்க. விம்மை எத்தன வருஷம் யூஸ் பண்ணிருந்தாலும் சரி, விரலுக்குத் தெரிஞ்சது வாய்ல வராது. அதனால எதிர்பாக்குற விடைய நீங்க எழுதவே கூடாது, உண்மையான விம்மை ஓட விட்டு அதுகிட்ட கேளுங்க.

'சிடபிள்யூ' கதையவே எடுங்க. கர்சர் எழுத்து மேல இருந்தா 'சிஇ' மாதிரி நடந்துக்கும், ஸ்பேஸ் மேல இருந்தா அடுத்த வார்த்தை வரைக்கும் இருக்குற ஸ்பேஸ மட்டும் மாத்தும், அதோட நீங்க அடிபட்ட மூணாவது ஒண்ணு, வார்த்தையோட கடைசி எழுத்துல நின்னா 'சிஇ' அடுத்த வார்த்தை முடிவு வரைக்கும் பாயும், 'சிடபிள்யூ' அந்த ஒரு எழுத்தோட நின்னுரும். ஒரே எழுத்து வேரியபிள்னா முதல் எழுத்தே கடைசி எழுத்து, அதான் சமக்குறியையும் சேத்து முழுங்கிருச்சு. இதை ஒருத்தர் யோசிச்சு டெஸ்ட் எழுதுவாருன்னு எதிர்பாக்க முடியாது.

'டி}' (பாரா முடிவு வரைக்கும் அழிக்குறது) இன்னும் நுணுக்கம். மூணு லைன் பாரா, கீழ ஒரு காலி லைன்னு வைங்க. முதல் லைன் ஆரம்பத்துல நின்னு அடிச்சா மூணு லைனும் முழுசா போயிரும், காலி லைன் மட்டும் மிஞ்சும். அதே முதல் லைன்ல நடுவுல நின்னு அடிச்சா லைனோட முன்பாதி அப்படியே இருக்கும், மீதி போயிரும். ஒரே கமாண்டு, ஒரு தடவ லைன் கணக்கு, ஒரு தடவ எழுத்து கணக்கு. எக்ஸ்க்ளூசிவ் மோஷன் (கடைசி எழுத்தைச் சேக்காத நகர்வு) போய் முடியுற எடம் ஒரு லைனோட முதல் காலமா (column, லைன்ல எத்தனாவது எடம்ங்குறது) இருந்தா, முடிவு முந்தின லைன் கடைசிக்குப் போயிரும்னு ஒரு விதி. அப்ப ஆரம்ப எடமும் லைனோட முதல் எழுத்துலயோ அதுக்கு முன்னாடியோ இருந்தா முழு லைனா ஆயிரும்னு அதுக்கு மேல இன்னொரு விதி. விம் ஹெல்ப்லயே எழுதிருக்கு, ஆனா யாரு படிக்குறா.

செய்முறை இதுதான். நியோவிம்மை (விம்ல இருந்து பிரிஞ்சு வந்த எடிட்டர்) ஹெட்லெஸ்ஸா, அதாவது ஸ்கிரீன் இல்லாம, எம்பெட் பண்ணி ஓட விடுங்க, ஆர்பிசி (வேற புரோகிராம்ல இருந்து கட்டளை அனுப்புற வழி) வழியா டெக்ஸ்ட்டை போடுங்க, கர்சரை வைங்க, கீய அனுப்புங்க, கடைசியா பஃபர் (திறந்திருக்குற டெக்ஸ்ட்), கர்சர், மோடு, ரெஜிஸ்டர் (காப்பி பண்ணது, அழிச்சது இருக்குற எடம்) நாலையும் வாங்கி உங்க எடிட்டர் குடுத்ததோட ஒப்பிடுங்க. வாங்குன விடையை ஒரு ஜேசான் ஃபைல்ல பதிஞ்சு கிட்ல போட்டுருங்க, அப்ப சிஐ மெஷின்ல (டெஸ்ட்டை தானா ஓட்டுற சர்வர்) நியோவிம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல, பதிஞ்சதை வச்சே ஓடும். செட் (Zed) எடிட்டரோட விம் மோடுக்கு டெஸ்ட் இப்படித்தான் எழுதிருக்காங்க, ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களுக்கான விம் பிளகின் ஐடியாவிம்லயும் நியோவிம்மோட ஒப்பிட்டுப் பாக்குற வசதி இருக்கு. ரெண்டுமே சோர்ஸ் திறந்தது, போய் பாருங்க, ஒரு வாரம் மிச்சமாகும்.

நான் கீழ விழுந்த குழிகளையும் சொல்லிர்றேன்.

கீ அனுப்ப ஃபீட்கீஸ்ங்குற ஃபங்ஷன்ல 'எக்ஸ்' ஃபிளாக் போட்டா அது வேலை முடிஞ்சதும் தானா இன்சர்ட்ல இருந்து வெளிய வந்துரும், கர்சர் ஒரு எழுத்து இடப்பக்கம் நகந்துரும். உங்க கோடு சரியா இருக்கும், டெஸ்ட் தப்புன்னு சொல்லும், நான் இதுல ரெண்டு நாள் போக்கினேன். இன்புட் கால் யூஸ் பண்ணுங்க. ஆனா அதுலயும் ஒண்ணு, 'ஆர்' (ஒரு எழுத்தை வேற எழுத்தா மாத்துறது) மாதிரி பாதி கமாண்டோட நின்னா நியோவிம் அடுத்த கீக்கு காத்துட்டு நிக்கும், நீங்க பஃபர் கேட்டா பதிலே வராது, டெஸ்ட் தொங்கிரும். மோடு கேக்குற கால் மட்டும் அப்பவும் பதில் சொல்லும், அதுல பிளாக்கிங்னு வந்தா எஸ்கேப் அனுப்பிட்டு மேல போங்க.

அப்புறம் விம்மும் நியோவிம்மும் டீஃபால்ட்ல ஒண்ணு இல்ல. பெரிய 'ஒய்' நியோவிம்ல 0.6 வெர்ஷன்ல இருந்து லைன் கடைசி வரைக்கும் யாங்க் (காப்பி) பண்ணும், விம்ல முழு லைன். பெரிய 'ஜி' அடிச்சு கீழ போனா விம் லைனோட முதல் எழுத்துக்குப் போகும், நியோவிம் நின்ன காலத்துலயே நிக்கும், ஏன்னா ஸ்டார்ட்ஆஃப்லைன்ங்குற ஆப்ஷன் அங்க ஆஃப். ஆட்டோஇண்டெண்ட்டும் அங்க ஆன். எதை நகல் எடுக்குறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணி ஆப்ஷனை எல்லாம் டெஸ்ட் ஆரம்பத்துலயே கட்டி வச்சுருங்க.

வைகை_கோடர்:

ரொம்ப நன்றிங்க, இது எனக்குத் தோணவே இல்ல. ஒரு சின்ன சந்தேகம், நியோவிம்மை எப்படியும் ஓட விடுறோம்னா, எதுக்கு நான் எமுலேட் பண்ணனும், அதையே எடிட்டருக்குள்ள வச்சுட்டா என்ன?

கொங்கு_டெவ்:

அந்த வழியும் இருக்குங்க, விஎஸ் கோடுல ரெண்டு எக்ஸ்டென்ஷன் பாருங்க. விஎஸ்கோடுவிம் எல்லாத்தையும் டைப்ஸ்கிரிப்ட்ல திரும்ப எழுதினது. விஎஸ்கோடு-நியோவிம் பின்னாடி நிஜ நியோவிம்மையே ஓட விட்டு, நார்மல் மோடு கீ எல்லாம் அதுக்கு அனுப்பும், இன்சர்ட் மோடை மட்டும் விஎஸ் கோடுகிட்டயே விட்டுரும், கம்ப்ளீஷன் எல்லாம் வேலை செய்யணும்ல.

நான் ஒரு உள் டூலுக்கு இந்த ரெண்டாவது வழியில போனேங்க. 'டி}' எல்லாம் அச்சு பிசகாம சரியா வரும், அதுல சந்தேகமே இல்ல, அது விம்மேதான். ஆனா ஒரே ஃபைல் ரெண்டு எடத்துல இருக்குது பாருங்க, எடிட்டர்ல ஒண்ணு, நியோவிம்ல ஒண்ணு. சேவ் பண்ணும்போது ஃபார்மேட்டர் ஓடி எடிட்டர் பக்கம் டெக்ஸ்ட் மாறும், அதே நேரத்துல யூசர் 'டிடி' (லைனை அழிக்குற கமாண்டு) அடிச்சா அது பழைய டெக்ஸ்ட் மேல நியோவிம்ல நடக்கும், வேற லைன் அழிஞ்சுருங்க. ஒருத்தரோட ஃபைல்ல அப்படி ஒரு ரிட்டர்ன் லைன் காணாம போய், அது கமிட்டும் ஆயி, மறுநாள்தான் தெரிஞ்சுது. அண்டூவும் ரெண்டு, யாரோட அண்டூவை நம்புறதுன்னு முடிவெடுக்கணும். அதோட யூசர் மெஷின்ல நியோவிம் இருக்கணும், பிரவுசர்ல ஓடுற எடிட்டர்னா அதுக்கு வழியே இல்ல.

அதனால என் கருத்து, உங்களோடது மாதிரி சொந்த எடிட்டர்னா எமுலேஷனே பண்ணுங்க, நியோவிம் டெஸ்ட்ல மட்டும் இருக்கட்டும். இருக்குற எடிட்டருக்கு நாலு பேரு சேந்து எக்ஸ்டென்ஷன் எழுதுறீங்கன்னா அது வேற கணக்கு.

ராத்திரி_ஷிப்ட்:

ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன் நண்பா, ஏன்னா மேல சொன்ன ஒப்பீடு அங்க உதவாது. நியோவிம்ல உங்க லேங்குவேஜ் சர்வர் (கம்ப்ளீஷன் லிஸ்ட் குடுக்குற புரோகிராம்) இல்ல, உங்க பாப்அப் இல்ல, அதுகிட்ட கேட்டா என்ன சொல்லும்?

முதல்ல புள்ளி. நீங்க அடிச்ச கீய பதிஞ்சு வச்சு திரும்ப ஓட்டுறீங்கன்னு நினைக்குறேன், அதான் மூணு எழுத்து மட்டும் விழுது. பாப்அப் சர்வர்கிட்ட இருந்து வர நேரமாகும், திருப்பி ஓட்டுற வேகத்துல அது திறந்தே இருக்காது. கீய பதியாதீங்க, டாக்குமெண்ட்ல என்ன மாறுச்சோ அதைப் பதியுங்க. இன்சர்ட்டுக்குள்ள நுழைஞ்ச எடத்துல இருந்து எஸ்கேப் வரைக்கும் என்ன டெக்ஸ்ட் சேந்துச்சு, கர்சருக்கு முன்னாடி எத்தன எழுத்து அழிஞ்சுது, இது ரெண்டும் போதும். விம்மும் கடைசியா நுழைச்ச டெக்ஸ்ட்டைத்தான் புள்ளி ரெஜிஸ்டர்ல வச்சிருக்கு. தானா மூடுற பிராக்கெட்டும் இதே கதைதான், நீங்க திறக்குற பிராக்கெட் மட்டும் அடிச்சிருப்பீங்க, எடிட்டர் மூடுறதை சேத்திருக்கும், கீய ஓட்டினா ரெண்டு மூடல் வரும் இல்லன்னா ஒண்ணுமே வராது.

அண்டூ. விம்ல இன்சர்ட்டுக்குள்ள போய் எஸ்கேப் அடிக்குற வரைக்கும் எல்லாமே ஒரே அண்டூ. உங்க எடிட்டர் நேரத்தை வச்சோ வார்த்தைய வச்சோ துண்டு துண்டா வெட்டும், அதை இன்சர்ட் மோடுல இருக்கும்போது நிறுத்தி வைக்கணும். நுழையும்போது ஒரு குரூப் திற, எஸ்கேப்ல மூடு. இதுல ஒரு விலக்கு, இன்சர்ட்ல இருந்துக்கிட்டே அம்புக்குறி அடிச்சாலோ மவுஸ்ல வேற எடத்துல கிளிக் பண்ணாலோ விம் அங்க அண்டூவை வெட்டிரும், புள்ளியும் அங்க இருந்து புதுசா ஆரம்பிக்கும். இதை விட்டுட்டா "அண்டூ அடிச்சேன், அரைமணி நேர வேலை போச்சு"ன்னு புகார் வரும், எனக்கு வந்துச்சு.

அடுத்தது நீங்க இன்னும் பாக்காதது, ஆனா வரும். உங்க கமாண்டு ஹேண்ட்லர் async-ஆ, அதாவது ஒரு வேலை முடியுறதுக்குள்ள அடுத்ததை வாங்கிக்குமா? யூசர் 'சிஐடபிள்யூ' (முழு வார்த்தையையும் மாத்துறது) அடிச்சு நிறுத்தாம ஒரு பேரை அடிக்குறாரு. வார்த்தைய அழிக்குற எடிட் முடிஞ்சு மோடு இன்சர்ட்டா மாறுறதுக்குள்ள அடுத்த ரெண்டு கீ வந்துருச்சுன்னா, அது நார்மல் மோடு கமாண்டா போயிரும். பேரு 'டிடி'ல ஆரம்பிச்சா லைனே காலி. மெதுவா அடிக்குற டெவலப்பர் மெஷின்ல இது வரவே வராது, எஸ்எஸ்எச்ல வேல செய்றவங்களுக்கும் வேகமா அடிக்குறவங்களுக்கும்தான் வரும். எல்லா கீயையும் ஒரு வரிசைல போட்டு, முன்னது முழுசா முடிஞ்சாதான் அடுத்ததுன்னு வைங்க. டெஸ்ட்லயும் ஒவ்வொரு கீக்கும் நடுவுல வெயிட் பண்ணாதீங்க, நிறைய பேர் டெஸ்ட் ஹெல்ப்பர்ல வெயிட் போட்டுர்றாங்க, அப்ப இந்த பிழைய டெஸ்ட்டே மறைச்சுரும். முழு எடிட்டரைத் திறந்து, நிஜ கீடவுன் ஈவெண்ட்டா, இருநூறு கீய ஒரே மூச்சுல கொட்டுங்க. கம்ப்ளீஷனுக்கு ஒரு பொய் சர்வர் எழுதி, பதிலை வேணும்னே 300 மில்லிசெகண்ட் லேட்டா குடுக்க வைங்க. இந்த வகை டெஸ்ட் முப்பது இருந்தா போதும், ஆனா அந்த முப்பதும் நிஜ எடிட்டருக்குள்ள ஓடணும்.

ஒரு அமைப்பு விஷயமும். கீய புரிஞ்சுக்குற பகுதிய டெக்ஸ்ட்டைத் தொடுற பகுதில இருந்து பிரிச்சுருங்க. ரெஜிஸ்டர், எண்ணிக்கை, ஆபரேட்டர், மறுபடி எண்ணிக்கை, மோஷன், இதை வாங்கி ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் திருப்பித் தரணும். '2டி3டபிள்யூ' (மூணு வார்த்தை அழி, அதை ரெண்டு தடவ) வந்தா ஆறு வார்த்தை, ரெண்டையும் பெருக்கணும், கூட்டக் கூடாது. இதுக்கு எடிட்டரே வேணாம், ஆயிரம் டெஸ்ட் ஒரு செகண்ட்ல ஓடும்.

தமிழ்99_விரல்கள்:

தாமதமா வர்றேன், ஆனா இதை இந்த மன்றத்துலதான் சொல்ல முடியும், இங்கிலீஷ் ஃபோரம்ல சொன்னா யாருக்கும் புரியல.

உங்க டெஸ்ட்ல ஒரு லைனாவது தமிழ்ல இருக்கா? இல்லன்னா இப்பவே 'கொடி'ன்னு ஒரு லைன் போட்டு, முதல் எழுத்து மேல நின்னு 'எக்ஸ்' (ஒரு எழுத்தை அழிக்குற கமாண்டு) அடிச்சுப் பாருங்க. ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங்ல நேரா ஒரு யூனிட் வெட்டினீங்கன்னா 'க' மட்டும் போயி, கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கிட்டு தனியா நிக்கும். பாக்கவே கஷ்டமா இருக்கும். நமக்கு 'கொ' ஒரு எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ரெண்டு யூனிட், நியோவிம்ல கர்சர் காலம் பைட் கணக்கு, அதுக்கு ஆறு. அதனால மேல சொன்ன ஒப்பீட்டு டெஸ்ட்ல தமிழ் லைன் வந்ததும் கர்சர் எண் எதுவுமே ஒத்துப் போகாது, ரெண்டு பக்கத்தையும் ஒரே கணக்குக்கு மாத்திட்டுதான் ஒப்பிடணும். எடிட்டர் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்லயே இருக்குற இண்டல்.செக்மெண்டர் (Intl.Segmenter) வச்சு எழுத்து எழுத்தா பிரிங்க. அது 'ஸ்ரீ'ய 'ஸ்', 'ரீ'ன்னு ரெண்டாத்தான் பிரிக்கும், எனக்கு அது பரவால்ல, உயிர்க்குறி அநாதையா நிக்காம இருந்தா போதும். 'எக்ஸ்' மட்டும் இல்ல, 'எல்', 'ஆர்', 'எஃப்', விஷுவல் செலக்ஷனோட முனை, எஸ்கேப்ல ஒரு எழுத்து பின்னாடி போறது, எல்லாத்துலயும் இது வேணும்.

இன்னொண்ணு கீபோர்டு. நான் கமெண்ட்டும் டாக்குமெண்ட்டும் தமிழ்99 கீபோர்டு லேஅவுட்ல எழுதுறவன். எழுதிட்டு எஸ்கேப் அடிச்சு கர்சரை நகத்தப் போனா, லேஅவுட் இன்னும் தமிழ்லதான் இருக்கும், 'ஹெச், ஜே, கே, எல்' இருக்குற எடத்துல அடிச்சா எடிட்டருக்கு 'க, ப, ம, த'ன்னு வரும். நார்மல் மோடு அதை என்னன்னு தெரியாம சும்மா நிக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவ லேஅவுட் மாத்துறேன், கை வலிக்குது.

விம்ல இதுக்கு கீமேப்னு ஒரு ஆப்ஷன் ரொம்ப காலமா இருக்கு, இன்சர்ட்ல மட்டும் தமிழ் வரும், நார்மல்ல வராது, 'எஃப்', 'ஆர்' கேக்குற எழுத்துக்கு மட்டும் திரும்ப தமிழ் வரும், அவ்வளவு யோசிச்சு பண்ணிருக்காங்க. உங்க எடிட்டர்ல குறைஞ்சபட்சம் இதைச் செய்யுங்க. கீடவுன் ஈவெண்ட்ல எழுத்தும் வருது, எந்த பட்டன்னு கோடும் வருது. நார்மல் மோடுல எழுத்து ஆங்கிலமா இல்லன்னா மட்டும் பட்டன் கோடை வச்சு முடிவு பண்ணுங்க. எப்பவும் பட்டன் கோடையே எடுத்துராதீங்க, டுவோராக் (எழுத்தெல்லாம் வேற எடத்துல இருக்குற ஆங்கில லேஅவுட்) யூஸ் பண்றவங்களுக்கு 'டி'ன்னா டிலீட்னு எழுத்தை வச்சுதான் பழக்கம், அவங்களுக்கு உடைஞ்சுரும். யோசிச்சா சுவாரசியமா இருக்கு, பில் ஜாய் 1976 வாக்குல விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டர எழுதும்போது ஏடிஎம்-3ஏ டெர்மினல்ல ஹெச் ஜே கே எல் பட்டன் மேலதான் அம்புக்குறி அச்சடிச்சிருந்துச்சு, ஆக அந்த நாலும் எடத்தால வந்தது, 'டி'யும் 'டபிள்யூ'வும் எழுத்தால வந்தது. ஒரே கீபோர்டுல ரெண்டு விதமான காரணம்.

ஃபொனெட்டிக் ஐஎம்இ (ஆங்கில எழுத்துல அடிச்சா தமிழா மாத்துற மென்பொருள்) யூஸ் பண்றவங்களுக்கு கீயே வராது, 229ன்னு ஒரே கோடுதான் எல்லா பட்டனுக்கும் வரும், கம்போசிஷன் முடியுற வரைக்கும் அதைத் தொடாதீங்க.

வைகை_கோடர்:

பத்து நாள் கழிச்சு வர்றேன், எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டு எழுதணும்னு இருந்தேன்.

நியோவிம் ஒப்பீடு கட்டி முடிச்சு, பழைய டெஸ்ட்டை எல்லாம் அதுல போட்டேன். நான் சரின்னு எழுதி வச்சிருந்த எதிர்பார்ப்புலயே பதினேழு தப்பு. கோடு தப்பா இருந்துச்சு, டெஸ்ட்டும் அதே தப்பை சரின்னு சொல்லிட்டு இருந்துச்சு. '$' அடிச்சு கீழ இறங்கினா ஒவ்வொரு லைன்லயும் கடைசிலயே நிக்கணும், நான் காலம் எண்ணை ஞாபகம் வச்சிருந்தேன், குட்டி லைன்ல சரியா நின்னுட்டு நீள லைன்ல நடுவுல நின்னுச்சு. லைன்ல கடைசி வார்த்தைல 'டிடபிள்யூ' அடிச்சா அடுத்த லைன் மேல ஏறி வந்துச்சு, அதை ஒருத்தரும் புகார் பண்ணல, சத்தமில்லாம வேற எடிட்டருக்குப் போயிட்டாங்கன்னுதான் தோணுது.

அப்புறம் சும்மா விடாம ரேண்டம் கீ உருவாக்கி ரெண்டு பக்கமும் ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலைல பாத்தா எல்லாம் பதினோரு மணிக்கே நின்னு போயிருந்துச்சு, எங்கயோ பெரிய 'இசட்' ரெண்டு சேந்து வந்து நியோவிம்மே மூடிக்கிச்சு. அதை விலக்கி வச்சு ஓட்டினதுல இன்னும் ஒன்பது பிழை மாட்டுச்சு. பிழை வந்தா கீய ஒவ்வொண்ணா எடுத்துட்டு திரும்ப ஓட்டி, எவ்வளவு சின்னதா சுருக்க முடியுமோ சுருக்கித் தர்ற மாதிரி எழுதினேன், நாப்பது கீல வந்த ஒரு பிழை கடைசில நாலு கீக்கு இறங்குச்சு, அதுக்கப்புறம் சரி பண்ண அஞ்சு நிமிஷம்.

புள்ளியும் அண்டூவும் மாத்தி எழுதிட்டேன், அந்த பதினஞ்சு வருஷ ஆளுக்கு தனியா பில்டு அனுப்பினேன், ரெண்டு நாளா அதுலயே வேலை செய்றாராம். 'கொடி' லைனை டெஸ்ட்ல முதல் லைனா வச்சிருக்கேன், தமிழ்99க்கு பட்டன் கோடு வழியும் போட்டாச்சு, பீட்டா லிங்க் உங்களுக்கு மெசேஜ்ல அனுப்புறேன்.

மிச்சம் ஒண்ணு இருக்கு. 'ஜேகே' அடிச்சா எஸ்கேப்னு மேப் பண்றவங்க இருக்காங்க. 'ஜே' மட்டும் அடிச்சா அடுத்த கீ வருமான்னு காத்திருக்கேன், அந்த நேரம் ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாம இருக்குறது கண்ணுக்கு உறுத்துது. விம்ல எவ்வளவு நேரம் காக்கும்?

ராத்திரி_ஷிப்ட்:

டைம்அவுட்லென் டீஃபால்ட் 1000 மில்லிசெகண்ட். விம்ல அந்த நேரம் 'ஜே' ஸ்கிரீன்ல தெரியும், பஃபர்ல இருக்காது. நீங்களும் அப்படியே கர்சர் எடத்துல ஒரு டெக்கரேஷனா வரைஞ்சு காட்டுங்க, டாக்குமெண்ட்ல போட்டுட்டு அப்புறம் அழிக்காதீங்க, போட்டா கம்ப்ளீஷன் பாப்அப் திறந்துரும், அண்டூலயும் புள்ளிலயும் 'ஜே' ஒட்டிக்கும். டெஸ்ட்ல நிஜ டைமர் வேணாம், பொய் கடிகாரம் ஒண்ணு குடுத்து 999ல ஒரு தடவ, 1001ல ஒரு தடவ பாருங்க. காத்திருக்கும்போதே யூசர் மவுஸை கிளிக் பண்ணா, முதல்ல அந்த 'ஜே'ய பழைய எடத்துல போட்டுட்டு அப்புறம் கர்சரை நகத்துங்க.